120 கான்கிரீட் பேரியர், ஒரு ஹைட்ரா: எந்த வரிசையில் மாற்றுவது?

கேள்வி கேட்ட தம்பி டிப்ளமோ சிவில் முடித்து ஆறு மாதமாக நெடுஞ்சாலை மேம்பால வேலையில் இருக்கிறார். சாலையின் நடுத்தடுப்பான மீடியனை ஒட்டி நடந்த தூண் வேலை முடிந்துவிட்டது. அடுத்து இடது ஓரத்தில் வடிகால் தோண்டப் போகிறார்கள். வலப்பக்கம் நிற்கும் 3 மீட்டர் கான்கிரீட் பேரியர் (தடுப்புச் சுவர்) 120 துண்டுகளை இடப்பக்கம் மாற்றும் வேலையை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கையில் ஒரு 14 டன் ஹைட்ராவும் (சுமையைத் தூக்கிக்கொண்டு நகரும் கிரேன்) இரண்டு டிரெய்லரும் உண்டு. "ஒரே ராத்திரியில் முடிக்கலாம் என்கிறார் போர்மேன். சரியா? வெளிநாட்டில் ஜிப் இழுப்பது போல ஒரு வண்டி பேரியரை நகர்த்துகிறதே, அது இங்கே கிடைக்காதா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே ராத்திரியில் முடியாது தம்பி. முடித்தாலும் அது சரியாக நடந்த வேலையாக இருக்காது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் எடை. உங்கள் தளத்தில் இருப்பது வழக்கமான நியூ ஜெர்சி வடிவம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அடி அகலம் 60 சென்டிமீட்டர், உச்சியில் 15, உயரம் 81. இந்த வெட்டுமுகத்துக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 600 கிலோ வரும். 3 மீட்டர் துண்டு 1.8 டன், 120 துண்டும் சேர்ந்தால் 216 டன். ஒரு டிரெய்லரில் 14 ஏற்றினாலே 25 டன் ஆகிவிடும். பழகிய ஆட்கள் ஒரு துண்டைத் தூக்கி ஏற்ற ஐந்தாறு நிமிடம், இறக்கி வைக்க இன்னொரு ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். 120 துண்டுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், 20 மணி நேரத்துக்குக் குறையாது. இரவு 10 மணிக்கு லேனை மூடி விடியற்காலை 5 மணிக்குத் திறக்க வேண்டுமென்றால் உங்களுக்குக் கிடைப்பது 7 மணி நேரம். அதிலும் கோன் வைக்க, எடுக்க, டீ குடிக்க ஒரு மணி நேரம் போய்விடும். நான்கைந்து இரவு என்று திட்டம் போட்டு, அப்படியே மேலே சொல்லிவிடுங்கள். முதல் நாள் வாங்கும் திட்டு ஐந்தாம் நாள் வாங்கும் திட்டைவிடச் சின்னது.

இனி வரிசை. இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

வைக்கும்போது, வண்டிகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றனவோ அந்த முனையில் தொடங்கி, வண்டி போகும் திசையிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும். அப்போது ஏற்கெனவே வைத்த துண்டுகள் உங்கள் ஆட்களுக்கு முன்னால் கவசமாக நிற்கும். எடுக்கும்போது தலைகீழ். கடைசித் துண்டில் தொடங்கி, வண்டி வரும் திசையை நோக்கி எடுத்துக்கொண்டே வர வேண்டும். வண்டி வரும் பக்கத்துத் தலைத் துண்டுதான் கடைசியாகக் கிளம்ப வேண்டும்.

இப்போது உங்கள் வேலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். போர்மேன் மனதில் இருப்பது "இங்கிருந்து தூக்கு, நேர் எதிரே வை" என்ற கணக்கு. ஆனால் பழைய வரிசையில் முதலில் கிளம்ப வேண்டியது 120ஆம் துண்டு, புதிய வரிசையில் முதலில் உட்கார வேண்டியது 1ஆம் இடம். இரண்டுக்கும் நடுவில் 360 மீட்டர். நேர் எதிரே வைத்தால் ஏதாவது ஒரு பக்கம் வரிசை தப்பும். தப்பும் பக்கத்தில், வண்டி வரும் திசைக்கு முகம் காட்டியபடி ஆட்கள் திறந்தவெளியில் நிற்பார்கள். பேரியரை நகர்த்தும் நேரத்தில் அங்கே பேரியர் இல்லை என்பதை யோசிக்காமலேயே பலரும் இந்த வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள்.

நான் என்றால் இப்படிச் செய்வேன். முன்னிரவில் வலது லேனை மட்டும் மூடி, பழைய வரிசையின் வாலிலிருந்து 28 துண்டுகளை இரண்டு டிரெய்லரில் ஏற்றுவேன். ஏற்றி முடித்ததும் வலது லேனைத் திறந்துவிட்டு, இடது லேனை மூடி, புதிய வரிசையின் தலையிலிருந்து 28 துண்டுகளை இறக்குவேன். எந்த நேரத்திலும் ஒரு லேன் ஓடிக்கொண்டே இருக்கும், சாலையை முழுதாக மூடப் போலீஸிடம் அனுமதி கேட்டு அலைய வேண்டாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பழைய வரிசையின் தலைப்பகுதி கடைசி இரவு வரை, மோதலைத் தாங்க முன்னால் அடுக்கிய மணல் டிரம்களோடு அப்படியே நிற்கும். புதிய வரிசைக்கு முதல் இரவே தலையைச் சரியாகக் கட்டிவிடுவீர்கள். ஒவ்வொரு விடியலிலும் மொட்டையாக நிற்பது வால்பகுதி மட்டும்தான். அது வண்டிகளுக்குப் புறம் காட்டி நிற்பது. நம் ஊரில் எதிர்த்திசையில் பைக் ஓட்டி வரும் மகராசன்களுக்காக அந்த வாலிலும் ஒரு மின்னும் பட்டைப் பலகை வைத்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் இரவு முடிந்ததிலிருந்தே தலைப்பக்கம் பழைய வரிசை வலத்திலும் புதிய வரிசை இடத்திலும் எதிரெதிரே நிற்கும். நடுவில் எவ்வளவு அகலம் மிஞ்சுகிறது என்று டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு முதல் துண்டை இறக்குங்கள். ஒரு லாரி பழுதாகி நின்றால் இன்னொன்று தாண்டிப்போக வழி இருக்க வேண்டும்.

தூண் வேலைக்குத் தோண்டிய பழைய பள்ளம் மூடப்படாத வரை பழைய வரிசையில் ஒரு துண்டைக்கூட அசைக்கக் கூடாது. அதேபோல புதிய பக்கம் வடிகால் தோண்டும் முன்பே வரிசை முழுதாக நின்றுவிட வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் "ஜேசிபி சும்மா நிற்கிறது, ஒரு பக்கம் தோண்டிக்கொண்டே இருக்கட்டும்" என்று மூன்றாம் நாள் யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

அடுத்து ஹைட்ரா. ஹைட்ராவின் பூம், அதாவது தூக்கும் கை, பக்கவாட்டில் சுழலாது, நேராக முன்னால்தான் தூக்கும். பேரியரைப் பார்த்துக் குறுக்கே நிறுத்தினால் அதன் பின்பக்கம் ஓடுகிற லேனுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர், வண்டியின் நீளம் அதைப்போல இரண்டு மடங்கு. அதனால் ஹைட்ராவை சாலையில் நிறுத்தாதீர்கள், பேரியருக்குப் பின்னால் மீடியன் பக்கம் நிறுத்துங்கள். டிரெய்லர் மட்டும் மூடிய லேனில் பேரியருக்கு இணையாக நிற்கட்டும். ஹைட்ரா பின்னாலிருந்து தூக்கி, ஓரிரு மீட்டர் முன்னால் நகர்ந்து, டிரெய்லர் மேல் வைத்துவிடும். இடப்பக்கம் இறக்கும்போதும் அதே போல, ஹைட்ரா மண் ஓரத்தில், டிரெய்லர் மூடிய லேனில். இதற்கு மண் இறுகியிருக்க வேண்டும். புதிதாக மூடிய பள்ளத்தின் மேல் ஹைட்ராவின் முன்சக்கரம் ஏறினால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மண் மீது சந்தேகம் இருந்தால் லாரியிலேயே கிரேன் பொருத்திய வண்டியை வாடகைக்குக் கேளுங்கள். தன் முதுகிலிருந்தே பக்கவாட்டில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரே லேனுக்குள் வேலையை முடித்துவிடும். வாடகை கூடுதல்தான், ஆனால் ஐந்து இரவு மூன்றாகும்.

14 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1.8 டன் தூசு என்று நினைக்க வேண்டாம். அந்த 14 டன் பூமை உள்ளே இழுத்து, சுமையை முன்சக்கரத்துக்கு நெருக்கமாக வைத்தால் மட்டும். பூம் நீள நீள தாங்கும் எடை சரசரவென்று குறையும். ஓட்டுநர் கேபினில் அட்டவணை ஒட்டியிருக்கும், அல்லது ஒட்டியிருந்த இடம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுமையோடு ஹைட்ராவைத் திருப்பும்போது அதன் உடம்பே நடுவில் மடிந்து திரும்புகிறது. தொங்கும் கல் (பேரியர் துண்டைத்தான் சொல்கிறேன்) ஒருபக்கம் ஆட, சாலைச் சரிவும் சேர்ந்துகொண்டால் வண்டி சாயும். எனவே தொங்கவிட்டுக்கொண்டு 300 மீட்டர் ஓட்டுவது கூடவே கூடாது. தொலைவுக்கு டிரெய்லர், பக்கத்துக்கு மட்டும் ஹைட்ரா. தூக்கிய கல் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர வேண்டியது டிரெய்லர் மேல் ஏற்றும்போது மட்டும்தான். மேலே மின்கம்பி போகும் இடங்களைப் பகலிலேயே நடந்து பார்த்து, அங்கிருக்கும் துண்டுகளில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரவில் கம்பி கண்ணுக்குத் தெரியாது.

எதில் பிடித்துத் தூக்குவது? நல்லது கத்தரி போலத் திறந்து மூடும் கிளாம்ப். கல்லின் தலையில் இறக்கினால் தன் எடைக்குத் தானே இறுக்கிக்கொள்ளும், வைத்ததும் விட்டுவிடும், யாரும் கையை உள்ளே விட வேண்டாம். ரப்பர் பட்டை தேய்ந்திருக்கிறதா, கல்லின் மேல் சேறோ எண்ணெயோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிளாம்ப் இல்லையென்றால் கல்லிலேயே பதித்த கொக்கியில் இரண்டு கால் செயின். செயினின் கோணம் முக்கியம். கால்கள் தரைமட்டத்தோடு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் சுமார் 1.04 டன் விழும். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 1.8 டன். செயின் குட்டையாக இருக்கிறதே என்று இழுத்துப் பிடித்து மாட்டுபவர்கள் இதை யோசிப்பதில்லை. பெல்ட்டை அடியில் சுற்றித் தூக்குவது எனக்குப் பிடிக்காது. கான்கிரீட் விளிம்பு பெல்ட்டை அறுக்கும், வைத்த பிறகு உருவ முடியாமல் கடப்பாரை போட்டு நெம்புவார்கள், விரல் நசுங்குவது பெரும்பாலும் அப்போதுதான். பொக்லைன் பக்கெட் பல்லில் செயினை மாட்டித் தூக்குவது பற்றிப் பேசவே வேண்டாம், பல் செயினைப் பிடித்துவைக்காது.

கொக்கி பற்றி ஒன்று. பல வருடங்களுக்கு முன் தெற்கே ஒரு மேம்பால வேலையில் நான் ஜூனியர். தளத்திலேயே வார்த்த பேரியர்கள். கொக்கிக்கு வளைத்துப் பதித்திருந்தது மிச்சம் கிடந்த டி.எம்.டி. கம்பித் துண்டுகள். நாற்பது துண்டு தூக்கியாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது டிரெய்லர் உயரத்துக்கு வந்தபோது "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு கொக்கி வளைவிலேயே ஒடிந்து, கல் ஒற்றைக் காலில் தொங்கிச் சுழன்று டிரெய்லர் பலகையில் இடித்தது. கல்லைக் கையால் பிடித்து நடத்திக்கொண்டிருந்த ரிக்கர் (சுமை கட்டித் தூக்க உதவும் ஆள்) அதற்குச் சற்று முன்புதான் பீடி பற்றவைக்க நகர்ந்திருந்தார். அவர் உயிரைக் காப்பாற்றியது பீடி. ஒடிந்த முனையைப் பார்த்தேன், கம்பி இழுபட்டு மெலிந்ததற்கான அடையாளமே இல்லை, கரும்பை ஒடித்தது போல் இருந்தது. வரி போட்ட முறுக்குக் கம்பியைச் சின்ன வளைவாக வளைத்தால் அந்த இடத்தில் அது இறுகி, ஒடியும் தன்மை பெற்றுவிடுகிறது. கொக்கிக்கு வழவழப்பான சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடுதான் போட வேண்டும், அது ஒடிவதற்கு முன் நீண்டு காட்டிக்கொடுக்கும். உங்கள் 120 துண்டின் கொக்கிகளையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். வரி தெரிந்தால் அந்தத் துண்டைக் கிளாம்ப் இல்லாமல் தொடாதீர்கள். தூக்கும்போது கையால் பிடித்து நடத்துவதையும் நிறுத்துங்கள், இரு முனையிலும் கயிறு கட்டி எட்ட நின்று பிடிக்கட்டும். கல்லுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் எவரும் நிற்கவே கூடாது.

லேனை மூடுவதற்கு வருகிறேன். நம் இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 சாலைப்பணிப் பகுதியை முன்னெச்சரிக்கை, திசைமாற்றம், பணியிடம், முடிவு என்று நான்காகப் பிரிக்கிறது. 2014 பதிப்பு தளத்து அலுவலகத்தில் இருக்கும், தூசி தட்டி எடுங்கள். இதில் அதிகம் சொதப்புவது இரண்டாவதில். லேனைச் சாய்வாக ஒடுக்கும் நீளம் போதாமல் 20 மீட்டரில் நான்கு கோனை வைத்து முடித்துவிடுவார்கள். அமெரிக்கக் கையேட்டின் கணக்கு எளிது, மனதில் வைத்துக்கொள்ளலாம். 70 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வேகமுள்ள சாலையில், மூடும் அகலத்தை வேகத்தால் பெருக்கி 1.6ஆல் வகுங்கள். 3.5 மீட்டர் லேன், 80 கிலோமீட்டர் வேகம் என்றால் 175 மீட்டர். அந்தச் சாய்வில் நிற்க வேண்டியது கோன்களும் விளக்குகளும்தான், பேரியர் அல்ல. லேனைக் கோனால் மூடிய பிறகே அதன் நிழலில் பேரியர் வர வேண்டும். சாய்வாக வரும் கான்கிரீட் மேல் வண்டி மோதும் கோணம் பெரிதாகும், திருப்பிவிட வேண்டிய கல் மோதி நிறுத்தும் சுவராகிவிடும்.

திருப்பிவிடுவது என்றேனே, அந்தச் சாய்ந்த முகம் இருப்பதே அதற்குத்தான். 1950களில் நியூ ஜெர்சி மாநில நெடுஞ்சாலைத் துறை இந்த வடிவத்தை உருவாக்கியது. 1955இல் முதலில் வைத்தபோது உயரம் 18 அங்குலம்தான், 1959இல்தான் இன்றைய 32 அங்குலத்துக்கு வந்தது. லேசான கோணத்தில் உரசும் காரின் டயர் கீழ்ச்சரிவில் கொஞ்சம் ஏறி, மறுபடி தன் லேனுக்கே திரும்பும். சரிவு உயரமாக இருந்தால் சிறிய கார் ஏறிக் கவிழவும் செய்யும் என்று கண்டு, சரிவு முடியும் இடத்தை 13 அங்குலத்திலிருந்து 10க்கு இறக்கி எஃப் வடிவம் கொண்டுவந்தார்கள். அடியில் செங்குத்தாக நிற்கும் 3 அங்குலம் எதற்கு என்று பலருக்குத் தெரியாது. சாலைக்கு மேல்பூச்சு போட்டு மட்டம் உயர்ந்தாலும் வடிவம் கெடாமல் இருக்க விட்ட இடம் அது. இவ்வளவும் காருக்குத்தான், நம் சாலையில் பாதிக்கு மேல் ஓடும் இருசக்கர வண்டிக்கு இந்தச் சரிவு ஒரு நன்மையும் செய்யாது. அவர்களுக்கு உதவுவது தூரத்திலிருந்தே தெரிவது மட்டும்தான். ஆகவே துண்டுக்கு ஒரு ஒளிர்ப்பட்டை ஒட்டி, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க ஓர் ஆளை வையுங்கள். தளத்துப் புழுதியில் பத்தே நாளில் பட்டை செத்துவிடும்.

இப்போது வைப்பது. நூல் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தத் தடத்தை முதலில் பெருக்குங்கள். கல்லுக்கும் தாருக்கும் நடுவில் உதிரி ஜல்லி இருந்தால், கல்லுக்குச் சக்கரம் கட்டியது போல. அடுத்து, ஒவ்வொரு துண்டையும் முந்தையதோடு கண்ணி கோத்து முளைக்கம்பி போட வேண்டும். போட்டதும் துண்டை வெளிப்பக்கமாகச் சற்று இழுத்து, கண்ணியில் உள்ள தளர்வை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு விரல் தளர்வு மிஞ்சும், மோதும்போது அத்தனை தளர்வும் சேர்ந்து வரிசை பின்னால் போகும். தனித்தனியாக நிற்கும் 1.8 டன் கற்கள் பேரியர் அல்ல. கோத்த பிறகுதான் மோதும் வண்டியின் விசையைப் பக்கத்துத் துண்டுகளும் பங்கு போட்டுக்கொள்ளும்.

கோத்திருந்தாலும் நகராது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 3.8 மீட்டர் எஃப் வடிவத் துண்டுகளை முளைக்கம்பியால் கோத்து, தரையில் பூட்டாமல் வைத்து, 2,270 கிலோ பிக்கப் வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்தில் 25 டிகிரி கோணத்தில் மோதவிட்டுப் பார்த்தார்கள். வண்டி திரும்பியது, ஆனால் வரிசை ஏறத்தாழ 2 மீட்டர் பின்னால் போனது. உங்கள் வடிகால் பள்ளத்தின் விளிம்பு பேரியருக்குப் பின்னால் எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். அரை மீட்டர் என்று போட்டிருந்தால், ஒன்று பேரியரைச் சாலைப் பக்கம் தள்ளுங்கள், அல்லது தரையில் கம்பி அடித்துப் பூட்டுங்கள், அல்லது பள்ளத்தைத் துண்டு துண்டாகத் தோண்டி உடனுக்குடன் மூடச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுத்தில் மேலே அனுப்பி வையுங்கள், வாயால் சொன்னது நிற்காது. இது பிக்கப் வண்டிக்கான கணக்கு. முழுச் சுமை ஏற்றிய டாரஸ் லாரியை இந்தக் கல் நிறுத்தும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, தலைப்பக்கத்தை மொட்டையாக விடக் கூடாது. மணல் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்களை, முன்னால் லேசானதும் பின்னால் கனமானதுமாக அடுக்குவது மலிவான வழி. இதை உருவாக்கியவர் ஜான் ஃபிட்ச் என்ற கார்ப்பந்தய வீரர். 1955இல் லெ மான் பந்தயத்தில் பார்வையாளர்கள் எண்பது பேருக்கு மேல் இறந்த விபத்தில் சிக்கிய காரை அவரும் ஓட்ட வேண்டியிருந்தது, அவர் முறை வருவதற்குள் அது நடந்துவிட்டது. டிரம்மில் மணல்தான் போட வேண்டும், உடைந்து சிதறி வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான் மணல். நம் ஊரில் டிரம் திருடு போகாமலிருக்க கான்கிரீட் ஊற்றி நிரப்புகிறார்கள். அது தலைக்கு முன்னால் இன்னொரு தலை. தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் பேரியரும் அப்படித்தான், சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி, இரண்டு பேர் தூக்கிப்போகும் பொம்மையாக நிற்கும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஐப்பசிக்குள் வேலை முடியாவிட்டால், கல்லின் அடியிலுள்ள வடிகால் துளைகள் சேறு அடைத்து, இடது லேனில் குளம் கட்டும். சாலையின் சரிவு இடப்பக்கம் என்பதால், வலத்தில் இருந்தபோது தெரியாத தொல்லை இப்போது வரும்.

அந்த ஜிப் வண்டி கேட்டீர்கள். அது வேறு ஜாதி. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துண்டுகள், தலை டி எழுத்து போல விரிந்திருக்கும், எல்லாம் நிரந்தரமாகக் கோத்த சங்கிலி. வண்டி அந்தத் தலையைப் பிடித்து, தன் வயிற்றுக்குள் வளைவாக ஓடும் உருளைகள் வழியே ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடும். நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தில் 1990 முதலும், அமெரிக்காவின் கோல்டன் கேட் பாலத்தில் 2015 ஜனவரி முதலும் காலை மாலை நெரிசலுக்கேற்ப லேன் மாற்றுவதற்கு இதுதான். தினமும் நகர்த்த வேண்டிய இடத்துக்கு அது கட்டுபடியாகும். ஒரே முறை மாற்றும் 360 மீட்டருக்கு அதைக் கேட்டால் உங்கள் மேலாளர் சிரிப்பார். உங்கள் துண்டுகளுக்கு அது பொருந்தவும் செய்யாது.

கடைசியாக முளைக்கம்பி. பழைய இரும்புக் கடைக்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை, மூன்றாம் நாள் காலையில் பத்து காணாமல் போயிருக்கும். கீழ்முனையில் ஒரு வாஷரோ நட்டோ வைத்து, எடுக்க ஸ்பேனர் தேவைப்படும்படி செய்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் உள்முகத்திலும் 1 முதல் 120 வரை பெயிண்டில் எண் எழுதச் சொல்லுங்கள். அப்போது காலை 5 மணிக்கு வரிசையின் பின்பக்கமாக நடந்து வரும் ஆள், "37க்கும் 38க்கும் நடுவில் கம்பி இல்லை சார்" என்று போனில் சொல்ல முடியும்.